படுத்துக் கிடக்கும் சுறா

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் மீன்களின் சுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "சுறா நீந்துவதை நிறுத்தினால் மூச்சுவிட முடியாமல் இறந்துவிடும்" என்று கரும்பலகையில் எழுதினேன். பல ஆண்டுகளாக நான் வகுப்பில் சொல்லிவரும் வரி அது. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் வரியும் அதுதான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் அம்மா பிறந்த ஊர் மூக்கையூர். "டீச்சர், எங்க மாமா நண்டு வலையில ஒரு சுறா வந்துச்சு. அது கூடையில சும்மாவே படுத்துக் கிடந்துச்சு. ரொம்ப நேரம் ஆகியும் சாகலை. கடலுக்குள்ளயும் அது தரையிலதான் படுத்துக் கிடக்கும்னு மாமா சொன்னாரு" என்றான்.

"அது சுறாவா இருக்காதுப்பா, விலாங்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் சில வாரங்கள் அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கக்கூட இல்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தான். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு கருவாடு. "அம்மாச்சி உப்புப் போட்டுக் காய வச்சுக் குடுத்தாங்க டீச்சர். விலாங்கான்னு நீங்களே பாருங்க" என்றான். பக்கவாட்டில் ஐந்து செவுள் பிளவுகள். தடவினால் உப்புத்தாள் போன்ற தோல். ஐயமே இல்லை, சுறாதான். தவறு என்னுடையது.

அந்தக் கருவாடு எனக்கும் என் வகுப்புக்கும் கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். வகைப்பாட்டியல் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களுக்கும், கடலே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

கரிசலுக்கும் கடலுக்கும் என்ன உறவு?

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதி கடலோரம் அல்ல. கம்பும் பருத்தியும் மிளகாயும் வானத்தைப் பார்த்து விளையும் மண் இது. ஆனால் திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாறு, கமுதி வழியாக ஓடி மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில்தான் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலும் சீமைக்கருவேலமுமே இருந்தாலும், அது போய்ச் சேரும் இடம் கடல். தண்ணீர் நம்மிடமிருந்து அங்கே போகிறது. அங்கிருந்து கருவாடு நம் சந்தைக்கு வருகிறது.

சந்தையில் சுறாவுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: சுறாக் கருவாடு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்குவோர் மட்டும் "பால் சுறாவா?" என்று கேட்பார்கள். தாய்ப்பால் ஊறும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த மீனை ஆங்கிலத்தில் 'மில்க் ஷார்க்' என்று அழைப்பதும் நம் நாட்டின் இந்த நம்பிக்கையை ஒட்டியே. மற்றபடி சந்தைக்கு வருவது எந்தச் சுறா என்று கேட்பவர் அரிது. உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் பொருந்தும் ஒரு செய்தியை நான் எல்லாச் சுறாவுக்கும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

நிற்காமல் நீந்துபவை, படுத்திருப்பவை

மீன் மூச்சுவிட, செவுளின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வாயைச் சிறிது திறந்தபடி வேகமாக நீந்தினால் தண்ணீர் தானாக உள்ளே புகுந்து செவுள் வழியே வெளியேறும். பெரிய வெள்ளைச் சுறா, மாக்கோ சுறா போன்ற சில இனங்கள் இந்த ஒரு வழியையே நம்பி வாழ்கின்றன. நான் எழுதிய வரி இவற்றுக்குச் சரி.

இரண்டாவது வழி, வாய்த் தசைகளைச் சுருக்கி விரித்துத் தண்ணீரை இழுத்துச் செவுளுக்குத் தள்ளுவது. இப்படிச் செய்யக்கூடிய சுறா ஓரிடத்தில் கிடந்தபடியே மூச்சுவிடும். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்புறமாக ஒரு துளையும் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. அதை மூச்சுத் துளை என்று சொல்லலாம். அதன் வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும். மணலில் முகத்தை வைத்துப் படுத்திருக்கும் மீனுக்கு இது வசதி. வாய் வழியாக மணலை இழுக்க வேண்டியதில்லை.

மாணவன் கொண்டுவந்த கருவாட்டிலும் கண்ணுக்குப் பின்னால் அந்தத் துளை தெளிவாகத் தெரிந்தது. "இதுக்குக் காது இருக்கு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. காது அல்ல, மூக்கும் அல்ல, மூச்சுக்கான வாசல் என்று விளக்கினேன். அன்று ஒரு துளையைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள், படத்தில் பார்த்ததைவிட நன்றாக அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கம்பளச் சுறா என்றால் என்ன?

அந்தக் கருவாடு கம்பளச் சுறாக்கள் என்னும் வரிசையைச் சேர்ந்தது. அறிவியலில் இந்த வரிசைக்கு ஒரெக்டோலோபிஃபார்மிஸ் என்று பெயர். ஏழு குடும்பங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. ஆஸ்திரேலியக் கடலில் வாழும் வொபெகாங் என்ற சுறாவின் முதுகில், விரித்த கம்பளம்போலப் பூவேலைகள் இருக்கும். வாயைச் சுற்றிக் குஞ்சம்போலத் தோல் தொங்கும். தரையோடு தரையாகக் கிடந்தால் பாறை எது, மீன் எது என்று தெரியாது. இப்படிப்பட்ட கோலங்களால்தான் வரிசைக்கே இந்தப் பெயர் வந்தது.

இந்த வரிசையின் பொது அடையாளங்களை வகுப்பில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம்.

முதலாவது, வாய். கீழிருந்து பார்த்தால் வாய் முழுவதும் கண்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பால் சுறா போன்றவற்றில் வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை பிளந்திருக்கும். கருவாட்டிலும் மாறாத அடையாளம் இது.

இரண்டாவது, மூக்குத் துளையின் ஓரத்தில் சிறு மீசை. கெளுத்தி மீனின் மீசையை நம் கண்மாய்ப் பிள்ளைகள் அறிவார்கள். அதைவிடக் குட்டையான, சதைப்பற்றான இழை இது. மணலில் புதைந்த இரையைத் தேட உதவும்.

மூன்றாவது, மூக்குத் துளையிலிருந்து வாய் வரை ஒரு பள்ளம்.

நான்காவது, முள் இல்லாத இரண்டு முதுகுத் துடுப்புகள், அடியில் ஒரு குதத் துடுப்பு, ஐந்து செவுள் பிளவுகள்.

இவை எல்லாம் இருந்தால் அது கம்பளச் சுறா. ஆனால் எந்தக் கம்பளச் சுறா?

நிறத்தை நம்பி ஏமாந்தோம்

இங்கே இரண்டாம் முறை தவறினேன். மாணவனின் மாமா கைப்பேசியில் சில படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் சாண் நீளமுள்ள குட்டி, உடம்பைச் சுற்றிக் கரும்பட்டைகளோடு. மற்றொன்றில் கோலமே இல்லாத பழுப்பு நிறப் பெரிய மீன். "இவை இரண்டும் வெவ்வேறு இனம்" என்று வகுப்பில் பிரித்து எழுத வைத்தேன். பிறகு நூல்களைப் புரட்டியபோது இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. அதன் பெயர் சாம்பல் மூங்கில் சுறா (கைலோசில்லியம் கிரைசியம்). குட்டியாக இருக்கும்போது உடலில் கரும்பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கி, வளர்ந்த மீன் வெறும் பழுப்பாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று வரிக்குதிரைச் சுறாவில் இருக்கிறது (ஸ்டெகோஸ்டோமா டைகிரினம்). குட்டிக்குக் கரிய உடலில் வெளிர் மஞ்சள் வரிகள். அதனால்தான் வரிக்குதிரை என்ற பெயர். வளர்ந்தபின் வரிகள் உடைந்து, வெளிர் உடலில் கரும்புள்ளிகளாக மாறிவிடும். அதைப் பார்த்தவர்கள் சிறுத்தைச் சுறா என்றும் பெயர் வைத்தார்கள். ஒரே மீனுக்கு வரிக்குதிரை, சிறுத்தை என இரண்டு விலங்குகளின் பெயர். அறிவியல் பெயரிலோ மூன்றாவதாகப் புலி வந்து நிற்கிறது. குட்டியும் தாயும் வேறு வேறு இனம் என்று முற்காலத்து ஆய்வாளர்களே எண்ணியது உண்டு. அதனால் என் தவறுக்குக் கொஞ்சம் துணை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் வீடுகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டு மாணவியிடம், "சேலையை எதை வைத்து இன்ன ரகம் என்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "கலர் எல்லாச் சேலையிலயும் வரும் டீச்சர். நூலையும் நெசவையும்தான் பாக்கணும்" என்றாள். சுறாவுக்கும் அதுவே விதி. முதலில் உடலமைப்பு, கடைசியில்தான் நிறம். அதையும் மீனின் வயதைக் கணக்கில் கொண்டு பார்க்க வேண்டும்.

நம் கடலில் யார் யார்?

இந்தியக் கடல்களில் காணப்படும் கம்பளச் சுறாக்களில் முக்கியமான சிலவற்றை ஒப்பிடுவோம்.

மூங்கில் சுறாக்கள் சிறியவை, ஒல்லியானவை. இரண்டு முதுகுத் துடுப்புகளும் ஏறத்தாழ ஒரே அளவு. முதல் துடுப்பே இடுப்புத் துடுப்புகளுக்கு மேலாகத்தான் தொடங்கும். குதத் துடுப்பு இரண்டாம் முதுகுத் துடுப்பைத் தாண்டி வெகு பின்னால் தொடங்கி, வால் துடுப்பை ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு வெட்டு மட்டுமே இடைவெளி. இந்த வெட்டைப் பார்த்தாலே மூங்கில் சுறா என்று சொல்லிவிடலாம். எங்கள் கருவாட்டில் அது இருந்தது.

இவற்றுக்குள் சாம்பல் மூங்கில் சுறா சுமார் 77 செ.மீ. வரை வளரும். உடலின் பக்கங்களில் வரப்புபோன்ற மேடு இருக்காது. மெல்லிய மூங்கில் சுறா (கைலோசில்லியம் இண்டிகம்) சுமார் 65 செ.மீ. வரை வளரும். பெயருக்கேற்ப மிக ஒல்லி. பக்கவாட்டில் நீளவாக்கில் மேடு ஓடும். வெளிர் பழுப்பு உடலில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் நிறைந்திருக்கும். இதன் இனப்பெயரிலேயே இந்தியா இருப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்தார்கள். வெண்புள்ளி மூங்கில் சுறா (கைலோசில்லியம் பிளாஜியோசம்) இவற்றைவிடச் சற்றுப் பெரியது. கரும்பட்டைகளின் மேல் வெண்புள்ளிகள் தெளித்ததுபோல இருக்கும்.

வரிக்குதிரைச் சுறா 2 மீட்டருக்கு மேல் வளரும். இதன் வால் ஏறத்தாழ மீதி உடலின் நீளம் இருக்கும். உடலின் பக்கங்களில் நீண்ட மேடுகள் தெளிவாக ஓடும். முதல் முதுகுத் துடுப்பு இரண்டாவதைவிடப் பெரியது. நிறத்தில் எத்தனை மாற்றம் வந்தாலும் இந்த நீண்ட வால் குட்டியிலும் உண்டு, தாயிலும் உண்டு. ஆகவே வாலைப் பார்த்தவர் ஏமாற மாட்டார்.

செவிலிச் சுறா (நெப்ரியஸ் ஃபெருஜினியஸ்) 3 மீட்டர் வரை வளரும் பருத்த மீன். கோலம் எதுவும் இல்லாத பழுப்பு உடல், கூர்மையான மூலைகள் கொண்ட துடுப்புகள், மிகச் சிறிய மூச்சுத் துளை. பகலில் பாறை இடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டமாகப் படுத்துக் கிடக்கும். இரவில் இரை தேடும். பொந்துக்குள் இருக்கும் சாக்குக்கணவாயைக்கூட வாயால் உறிஞ்சி இழுத்துவிடும்.

கடைசியாக, யாரும் எதிர்பாராத உறவினர்: திமிங்கலச் சுறா (ரிங்கோடான் டைபஸ்). உலகின் மிகப் பெரிய மீன் இதுதான். ஒரு பள்ளிப் பேருந்தைவிட நீளமாக வளரக்கூடியது. தரையில் படுக்காமல் திறந்த கடலில் நீந்தி, தண்ணீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் உண்கிறது. ஆனாலும் வாய் கண்களுக்கு முன்னால் இருப்பது உட்பட, உடலமைப்பு அதைக் கம்பளச் சுறா வரிசையில்தான் வைக்கிறது. முழங்கை நீளக் கருவாடும் பேருந்து நீள மீனும் ஒரே வரிசை என்று சொன்னபோது வகுப்பு நம்பவில்லை. "பூனையும் புலியும் ஒரே குடும்பம் இல்லையா?" என்று ஒரு மாணவனே பதில் சொன்னான்.

பிறப்பிலும் இவை வேறுபடுகின்றன. மூங்கில் சுறாக்களும் வரிக்குதிரைச் சுறாவும் முட்டையிடுபவை. தோல்பை போன்ற உறைக்குள் ஒரு முட்டை இருக்கும். மூங்கில் சுறாவின் முட்டை பொரிய நீரின் வெப்பத்தைப் பொறுத்து மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். செவிலிச் சுறாவின் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குட்டிகள் வெளியே வருகின்றன. திமிங்கலச் சுறாவும் அப்படியே. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு தாயின் வயிற்றில் 300 குட்டிகள் இருந்தன.

மூங்கில் சுறாக்களின் நெருங்கிய உறவினர் சில ஆஸ்திரேலியா, நியூ கினி கரைகளில் வாழ்கின்றன. கடல் வற்றும் நேரத்தில் பவளப் பாறைக் குட்டைகளில் சிக்கிக்கொண்டால், துடுப்புகளைக் கால்போல ஊன்றி நடந்து அடுத்த குட்டைக்குப் போகின்றன. குட்டையில் உயிர்வளி குறைந்துபோனாலும் சில மணி நேரம் தாங்குகின்றன. கோடையில் சுருங்கும் கண்மாயில் விரால் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இது புரியாத செய்தி அல்ல.

வகுப்பில் செய்த திறவுகோல்

இத்தனையும் பேசிய பிறகு பிள்ளைகள் குழுவாக அமர்ந்து ஒரு இருவழித் திறவுகோல் தயாரித்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஆம், இல்லை என்று இரண்டே விடை. திருத்திய வடிவம் இது:

1. வாய் முழுவதும் கண்களுக்கு முன்னால் இருக்கிறதா? இல்லை என்றால் அது கம்பளச் சுறா அல்ல. ஆம் என்றால் படி 2.

2. வாய் முகத்தின் நுனியில் மிக அகலமாக இருக்கிறதா? ஆம் என்றால் திமிங்கலச் சுறா. முகத்தின் அடியில் சிறிதாக இருந்தால் படி 3.

3. வால் ஏறத்தாழ மீதி உடலின் நீளம் இருக்கிறதா, பக்கங்களில் நீண்ட மேடுகளும் உள்ளனவா? ஆம் என்றால் வரிக்குதிரைச் சுறா. இல்லை என்றால் படி 4.

4. குதத் துடுப்பு இரண்டாம் முதுகுத் துடுப்பைத் தாண்டித் தொடங்கி, வால் துடுப்பிலிருந்து ஒரு வெட்டால் மட்டும் பிரிந்திருக்கிறதா? ஆம் என்றால் மூங்கில் சுறா; படி 5. இல்லாமல், பருத்த உடலும் கூர்மூலைத் துடுப்புகளும் இருந்தால் செவிலிச் சுறா.

5. வளர்ந்த மீனின் உடலில் புள்ளிகள் உள்ளனவா? இல்லை, பக்கவாட்டு மேடும் இல்லை என்றால் சாம்பல் மூங்கில் சுறா. புள்ளிகள் இருந்தால் படி 6.

6. உடல் மிக ஒல்லி, புள்ளிகள் கரியவை என்றால் மெல்லிய மூங்கில் சுறா. புள்ளிகள் வெள்ளை என்றால் வெண்புள்ளி மூங்கில் சுறா.

முதல் நான்கு படிகளில் நிறத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை முழுக் கருவாட்டிலும் சோதிக்கலாம். ஐந்தாம், ஆறாம் படிகள் பச்சை மீனுக்கோ நல்ல படத்துக்கோ மட்டும் பொருந்தும். காய்ந்தால் புள்ளி மறையும். தோல் சுருங்கி விழும் மடிப்பும் மேடுபோலத் தோன்றும். அதனால் எங்கள் கருவாட்டை "மூங்கில் சுறா" என்று எழுதி, அதோடு நிறுத்திக்கொண்டோம். 'இனத்தைச் சொல்ல இந்தச் சான்று போதாது' என்று பிள்ளைகளே எழுதியது எனக்கு நிறைவாக இருந்தது. சான்று எவ்வளவோ, முடிவும் அவ்வளவே என்பதை அறிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

பெயர் தெரிந்தால் என்ன பயன்?

ஒரு பெற்றோர் என்னிடம் இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. திங்கும் கருவாட்டுக்கு அறிவியல் பெயர் எதற்கு?

சுறா, மற்ற மீன்களைப்போல இலட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. மூங்கில் சுறா பெரும்பாலும் இரண்டிரண்டாக முட்டையிடுகிறது. முட்டை பொரிய மாதங்கள் ஆகும், குட்டி வளர ஆண்டுகள் ஆகும். பிடிபடும் வேகம் பிறக்கும் வேகத்தைவிடக் கூடினால் அந்த இனம் குறையும். எல்லாவற்றையும் 'சுறா' என்று ஒரே கூடையில் போட்டால் எது குறைகிறது என்பதே தெரியாது. ஒரு இனம் மறைந்தாலும் கூடை நிறைந்தே இருக்கும். வகுப்பில் வருகைப் பதிவை எடுக்காமல் தலைகளை மட்டும் எண்ணினால், யார் வரவில்லை என்று தெரியாது அல்லவா?

உலகளாவிய செம்பட்டியலில் திமிங்கலச் சுறாவும் வரிக்குதிரைச் சுறாவும் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள். இந்தியாவில் 2001ஆம் ஆண்டிலேயே திமிங்கலச் சுறா, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் இந்தச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பெற்ற முதல் மீன் அது. ஒரு இனத்தைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னால், அந்த இனம் எது என்று அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும்தான் இத்தகைய தரைவாழ் உயிர்களின் வீடு. நம் குண்டாறு போய்ச் சேரும் கடல் அது.

ஒரு சனிக்கிழமை கமுதி, சாயல்குடி வழியாக மூக்கையூருக்குப் போய்வந்தேன். மாணவனின் மாமா, நண்டு வலையில் வந்த ஒரு சிறு மூங்கில் சுறாவைத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் விட்டு வைத்திருந்தார். அது அடியில் அசையாமல் கிடந்தது. கண்ணுக்குப் பின்னாலிருந்த துளை மட்டும் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. "இது லேசுல சாகாது டீச்சர். ஈரம் இருந்தாப் போதும், பல மணி நேரம் கிடக்கும். குட்டியா இருந்தா கடல்லயே திருப்பி விட்ருவோம், பொழச்சுக்கிரும்" என்றார். வலையில் சிக்கி வந்த முட்டைப் பை ஒன்றையும் காட்டினார். காலிப் பை என்று தூக்கிப் போடுவது வழக்கமாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். உள்ளே கரு நெளிந்தது. அவர் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டார். நூல்களில் நான் படித்ததும் அவர் கையால் அறிந்ததும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்துக்காக மீனையோ பவளத்தையோ உயிரோடு சேகரிக்க வேண்டாம். தேசியப் பூங்காப் பகுதியில் எதையும் எடுக்கக் கூடாது. படங்களும் சந்தைக் கருவாடும் போதும். வாய்ப்புள்ளவர்கள் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். இவை எதற்கும் வழி இல்லையென்றாலும், கண்மாயில் கிடைக்கும் கெளுத்தி, விரால், கெண்டை ஆகிய மூன்றையும் வைத்தே இதுபோன்ற ஒரு திறவுகோலைத் தயாரிக்கலாம். முறை ஒன்றுதான்.

மூக்கையூரிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை, பழைய வரியைக் கரும்பலகையில் மறுபடி எழுதினேன். அவனை அழைத்துத் திருத்தச் சொன்னேன். 'சுறா' என்ற சொல்லுக்கு முன்னால் 'சில' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அந்த வரி இப்போது சரியாக இருக்கிறது.